செல்லம்மா அக்காவின் தோளும் என் காப்புறுதியும்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கால்வாசிக் கோபம் காப்புறுதி ஏஜெண்ட் குணா மேல். முக்கால்வாசி, அவன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்ட என் மேல்.

மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு விதைக்கடை மாடியில் நான் பிசியோதெரபி கிளினிக் திறந்த புதிது. தொழில் பொறுப்புக் காப்புறுதியைக் குணாதான் எடுத்துக் கொடுத்தான். சிகிச்சையில் நான் ஏதாவது கோளாறு செய்து, நோயாளி வழக்குப் போட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். பாலிசிப் புத்தகத்தை அலமாரிக்கு மேல் போட்டேன். (படிப்பதா? நானா?)

செல்லம்மா அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவர். கத்தரி பிடித்துப் பிடித்துத் தோள் இறுகிப்போய் வந்தார். சூட்டு ஒத்தடப் பையைத் துண்டுகளில் நன்றாகச் சுற்றித் தோளில் வைக்க வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் வருகிறவர்கள் எல்லாரும் "சூடு பத்தலலா" என்றே சொல்வார்கள். அதனால் மகாராணி நான், அவர் கேட்காமலேயே இரண்டு துண்டுகளை உருவிவிட்டு வைத்தேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தால், தோளில் கொப்புளம்.

"ஏன்க்கா சுடுதுன்னு சொல்லல?"

"நீ படிச்சவ. சுட்டாத்தான் வேல செய்யும்னு நெனச்சேன்."

மருந்து போட்டுவிட்டு, வெளியே ஓடிவந்து குணாவைக் கூப்பிட்டேன்.

"மேடம், மன்னிச்சிருங்க, சோரின்னு ஏதாவது சொல்லிட்டீங்களா?" என்று அலறினான்.

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க! யாரு கேட்டாலும் ஒங்களாலன்னு மட்டும் ஒத்துக்காதீங்க. ஒத்துக்கிட்டா பாலிசி போச்சுலா!"

ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய், "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியம் என் கவனத்துக்கு வந்துள்ளது" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னாம்மா, நியூஸ் வாசிக்கிற?"

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வெட்கங்கெட்டவள், இரண்டாவது கிளாசும் வாங்கிக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி போன் செய்தார். "செல்லம்மா லீவு கேக்குது. தோளு ஒங்க கிளினிக்ல சுட்டுச்சாம். நெசமா? நெசம்னா ஒரு லெட்டர் குடுங்க, லீவு போட்டுடலாம்."

"அது பற்றி நான் கருத்துக் கூற இயலாது."

"அப்ப அடுப்படியில சுட்டுக்கிட்டு வந்து நம்மகிட்ட கதை விடுதா?"

அதே வாக்கியத்தை மறுபடி சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். லீவு இல்லை. கொப்புளம் உடைந்த தோளோடு அக்கா கொழுந்து வெட்டப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அக்காவே கிளினிக்குக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைத் தோளில் நீர் கசிந்து ஒட்டியிருந்தது.

"காசு கேட்டனா ஒங்கிட்ட? கேஸு போடுறேன்னு சொன்னனா? காலையில பெரட்டுல அத்தன பேரு முன்னுக்கு கிராணி என்னைய பொய்க்காரின்னு சொல்லிட்டான். இத்தன வருசத்துல ஒருத்தன் என்னைய அப்படிச் சொன்னதில்ல. நீ வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்க. த்தூ!"

போய்விட்டார். சுவரில் இருந்த சான்றிதழைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கெடுத்த தோளுக்கு அந்த அக்கா பொய்க்காரிப் பட்டம் சுமக்கிறார், நான் பத்திரமாக இருக்கிறேன்! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். பனியில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"செல்லம்மா அக்கா பொய் சொல்லல! சுட்டது நான்! இந்தக் கையால நான்தான் சுட்டேன்! அக்கா, என்னை மன்னிச்சிருங்க!"

"மெதுவா, மெதுவா," என்றார் கிராணி. "அத எழுதிக் குடுங்க."

அங்கேயே எழுதினேன். கையோடு கொண்டுபோயிருந்த கிளினிக் முத்திரையைக் கோபத்தில் மூன்று முறை குத்தினேன். அக்காவுக்கு லீவு கிடைத்தது. கிராணி அத்தனை பேர் முன்னிலையிலும், "தப்பா நெனச்சிட்டேன் செல்லம்மா" என்றார்.

"பாலிசிய கொன்னுட்டீங்க மேடம்" என்று குணா ஒப்பாரி வைத்தான். நடப்பது நடக்கட்டும் என்று கம்பெனிக்கு நானே போன் செய்தேன். அங்கிருந்த பெண் நிதானமாகச் சொன்னார்: "நடந்ததைத் தாராளமாகச் சொல்லலாம், மன்னிப்பும் கேட்கலாம். எங்களைக் கேட்காமல் நஷ்டஈடு தருவதாக மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலிசியிலேயே இருக்கிறதே, நீங்கள் படிக்கவில்லையா?"

அலமாரிக்கு மேலிருந்து புத்தகத்தை எடுத்துக் குணாவுக்குப் போனில் அந்த இடத்தை வாசித்துக் காட்டினேன்.

"அப்படியா போட்டிருக்கு?" என்றான். "நானும் படிச்சதில்ல மேடம்."

அவன் அப்போது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால், எனக்கு அந்தக் காப்புறுதி உண்மையாகவே தேவைப்பட்டிருக்கும்.

அக்கா என்னை மன்னித்துவிட்டார். இப்போதும் வருகிறார், தோட்டத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். புது ஆள் கட்டிலில் படுத்ததும், நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்பதைச் சட்டை செய்யாமல் ஒவ்வொரு முறையும் சொல்வார்:

"கைராசிக்காரிதான், பயப்படாத. ஆனா சுட்டுச்சுன்னா ஒடனே கத்திரு. இவ ஒத்துக்கிறதுக்குள்ள கொப்புளமே ஆறிடும்."