சாம்பிள் கார்டு கேட்டவர்

மனிதர்களில் பாயிண்ட்காரர் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் பங்கில் உங்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பர்சைத் திறந்து, ஒரு கார்டை எடுத்து, அதை உள்ளே செருகி, வேறொன்றை எடுத்து, "இன்னைக்கு வியாழக்கெழமதானுங்க?" என்று பங்க் ஆளிடம் கேட்டு, அவர் ஆமாம் என்றதும் மூன்றாவதாக ஒன்றை எடுப்பாரே, பின்னால் அத்தனை வண்டிகளும் ஹாரன் அடிக்க, கல்யாண மண்டபத்தில் வரவேற்க நிற்பவர் போலச் சாந்தமாக நிற்பாரே, அவர்தான். அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குச் செலவு செய்யப் பிடிக்காது. பாயிண்ட்காரர் செலவு செய்யத் துடிக்கிறவர். எந்த கார்டில் செய்வது என்பதுதான் அவருக்கு இன்னும் முடிவாகவில்லை.

இந்த வகை எல்லா ஊரிலும் விளைகிறது. ஆனால் திருப்பூரில் விளைவது தனி ரகம். இங்கே சாம்பிள் பார்க்காமல் ஒரு காரியமும் நடக்காது. நூலுக்குச் சாம்பிள், துணிக்குச் சாம்பிள், சாயத்துக்குச் சாம்பிள், பட்டனுக்குக்கூடச் சாம்பிள். தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்து, சுருங்குகிறதா என்று அயர்ன் போட்டுப் பார்த்து, அப்ரூவல் ஆன பிறகுதான் மொத்தச் சரக்கு. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைச் சரியாகப் பார்க்காமல், ஜன்னல் திரையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கிரெடிட் கார்டு எடுக்கக் கிளம்பினால் என்ன ஆகும்?

பூபாலன் கிளம்பினார்.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் கொஞ்சம் தையல் மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவர் பூபாலன். கம்பெனி என்றால் ஜாப் ஒர்க். பெரிய கம்பெனிக்காரர்கள் வெட்டி அனுப்பும் துணியை இவர் தைத்துத் திருப்பி அனுப்புவார். அது அவர்கள் பெயரில் பெட்டியேறிக் கப்பலேறிப் போகும். அவர் மனைவி சித்ரகலா செக்கிங் மேஜையில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள். ஊரார் பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டிகளுக்கு இத்தனை வருஷமாக டேப் ஒட்டி ஒட்டி அவளுக்கு ஒரே ஓர் ஆசை முளைத்திருந்தது. என்றைக்காவது ஒரு பெட்டியில், அனுப்புகிறவர் என்ற இடத்தில், 'பூபாலன் நிட்ஸ்' என்று அச்சடித்துப் பார்க்க வேண்டும். வேறு நகை நட்டு எதுவும் அவள் கேட்டதில்லை.

பூபாலனின் ஆசை வேறு. செய்கிற ஒவ்வொரு செலவுக்கும் ரிவார்டு வாங்க வேண்டும். பக்கத்து பேக்கரியில் டீ குடிக்கும்போது எவரோ ஒருவர், கார்டில் செலவு செய்து சேர்த்த பாயிண்ட்டிலேயே குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வந்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து பூபாலனுக்குத் தேங்காய் பன் இறங்கவில்லை. இத்தனை நாள் வெறும் காசைக் கொடுத்து ஏமாந்துவிட்டோமே என்று வயிறு எரிந்தது. உடனே ஒரு பேங்குக்கு போன் போட்டார். தமிழ்மதி என்ற பெண் எடுத்தாள்.

"ஏனுங் மேடம், மொதல்ல சாம்பிள் ஒண்ணு அனுப்புவீங்களா?"

"என்ன சாம்பிள் சார்?"

"கார்டு சாம்பிளுங்க. பாத்துட்டு ஓகேன்னா மேக்கொண்டு பேசலாமுங்க."

"கார்டுக்கு சாம்பிள் எல்லாம் கிடையாது சார். கார்டுதான் வரும்."

"அப்ப அது மேலயே சாம்பிள்னு எழுதி அனுப்பீருங்க."

தமிழ்மதி எழுதவில்லை. பூபாலனே எழுதிக்கொண்டார். ஒரு வருஷத்தில் ஊரிலிருந்த அத்தனை பேங்குகளிடமிருந்தும் சாம்பிள் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் செக்கிங் மேஜையில் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, முன்பக்கம் பின்பக்கம் புரட்டி, விளிம்பை நகத்தால் கீறி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, பாலித்தீன் கவரில் போட்டு, மேலே கருத்து எழுதிப் பின் குத்தினார். 'லவுஞ்ச் உண்டு, கலர் டல், ஹோல்டு.' 'பெட்ரோலுக்கு நல்லது, தொட்டால் சொரசொரப்பு, ரிஜெக்ட்.' ஒன்றையாவது செலவுக்குத் தேய்த்தாரா? அப்ரூவல் ஆகாத சாம்பிளை யாராவது தையல் லைனில் ஏற்றுவார்களா? நல்ல கேள்வி கேட்டீர்கள்.

லவுஞ்ச் என்பது விமான நிலையத்தில் கார்டைக் காட்டினால் சும்மா சோறு போடும் இடம். பூபாலன் விமானம் ஏறியதில்லை. ஆனாலும் எந்த லவுஞ்சில் பூரி உப்பி வரும், எதில் அமுங்கி வரும் என்று பேக்கரியில் அரை மணி நேரம் பேசுவார். ஒரு கார்டு வருஷத்துக்குச் சில கோல்ஃப் ஆட்டங்களை இலவசமாகத் தருவதாகச் சொன்னது. அதை ஹோல்டில் வைத்துவிட்டு, கோல்ஃப் நமக்குச் சரிப்படுமா என்று பார்க்க, சேவூரில் இருக்கும் மச்சான் தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புக் கம்பியோடு போனார். மச்சானோ, இவர் பாம்பு அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தானும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கக் கூடவே தேடினார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆர்டர் வந்து குறுக்கே நின்றது.

டென்மார்க்கில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் திருப்பூர்க் கண்காட்சிக்கு வந்தார். அங்கே அவருக்குப் பூபாலனையும், அடுத்த ஷெட்டில் கம்பெனி வைத்திருக்கும் இலியாஸையும் பிடித்துப்போக, இருவரையும் சாம்பிள் அனுப்பச் சொன்னார். மாதக் கடைசிக்குள் கையில் கிடைக்க வேண்டும், அதற்குப் பிறகு கடையைப் பூட்டிவிட்டு லீவில் போய்விடுவோம் என்று சிரித்துக்கொண்டே கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

சித்ரகலா மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்தக் குட்டிச் சட்டைகளைத் தானே தைத்தாள். தானே பிசிறு வெட்டினாள், தானே மடித்தாள். பெட்டியின்மேல் 'பூபாலன் நிட்ஸ்' என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். அச்சு இல்லாவிட்டால் என்ன, இதுதான் முதல் பெட்டி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி கூரியரில் போட வேண்டியதுதான் பாக்கி.

கூரியருக்கு எந்த கார்டு?

பூபாலன் பாலித்தீன் கவர்களை எல்லாம் மேஜையில் பரப்பினார். பெட்ரோலுக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று என்று இருந்தனவே தவிர, கூரியருக்கு உகந்தது அந்தக் கூட்டத்தில் இல்லை. தமிழ்மதிக்கு போன் போட்டார். அவள் பேங்கில் புதிதாக ஒன்று வந்திருந்தது. சிறு தொழில் செய்கிறவர்களுக்கானது, கூரியர் செலவுக்குப் பத்து மடங்கு பாயிண்ட். கார்டு கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றாள்.

"ஏனுங்க, பொட்டி கட்டி நாளாச்சுங்க," என்றாள் சித்ரகலா. "கூரியர் கடை நம்ம ஷெட்டுக்கு எதுக்காலதான இருக்குது. காசக் குடுத்து அனுப்பிப் போட்டர்லாமுங்க."

"காசக் குடுத்தா பாயிண்ட் எங்க புள்ள வரும்?"

"பாயிண்ட்ட வெச்சுட்டு என்னங்க பண்றது?"

"டின்னர் செட்டு தருவாங்க."

"ஆர்டர் வந்தா டின்னர் செட்டு நாமளே வாங்கிக்கலாமுங்க."

"வாங்கலாம். அத எந்த கார்டுல வாங்கறது?"

சித்ரகலா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பிசிறு வெட்டப் போய்விட்டாள்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கார்டு வந்தது. என்ன அழகு என்கிறீர்கள்! கருநீலம், தங்கக் கோடு, தொட்டால் பட்டு. பூபாலன் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், விளிம்பைக் கீறினார். ஒரு குறை இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கார்டின் கவர்மேல் 'அப்ரூவ்டு' என்று எழுதப் பேனாவைத் திறந்தார். திறந்தவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். இதைச் சட்டைப் பையில் வைத்து மறந்து, சட்டையோடு துவைக்கப் போட்டுவிட்டால்? சாயம் போனால்? சுருங்கினால்? மொத்தமாக பல்க் எடுத்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

சுடுதண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்து, ஒரு வெள்ளைத் துணியில் கார்டைச் சுற்றி ஊறவைத்தார். எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. சாயம் பாஸ். கார்டின் நீளத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, அயர்ன் மேஜையில் வைத்து, ஸ்டீம் அயர்னைக் கையில் எடுத்தார்.

அந்தச் சமயத்தில் இலியாஸ் ஒட்டுகிற டேப் இரவல் கேட்டு உள்ளே வந்தார்.

"ஏனுங்ணா, கார்டப் போயி அயர்ன் பண்றீங்க?"

"ஷ்ரிங்கேஜ் பாக்கறனுங் பாய்."

"அது பிளாஸ்டிக்குங்ணா!"

"பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தானுங்க. அதுக்கு நாம பாக்கறதில்லீங்களா?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? இலியாஸ் பேச்சை மாற்றினார். "எம்பொட்டி இன்னைக்குக் கெளம்புதுங்ணா. உங்களுதையும் குடுங்க, சேத்திப் போட்டர்றேன். காசு பொறவு பாத்துக்கலாம்."

சித்ரகலா செக்கிங் மேஜையிலிருந்து எழுந்தே விட்டாள். பெட்டியை நோக்கி இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"உங்க காசுல போனா பாயிண்ட் எனக்கு வராதுங்களே பாய்," என்று சொல்லிக்கொண்டே பூபாலன் அயர்னை அழுத்தினார்.

ஒரு வாடை வந்தது. தூக்கிப் பார்த்தால் கார்டு அப்பளம் போலச் சுருண்டிருந்தது. தங்கக் கோடு அயர்னில் ஒட்டிக்கொண்டது. எண்கள் எல்லாம் உருகி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். பூபாலன் டேப்பை எடுத்து அளந்தார். "நீளத்துல போயிருச்சுங் பாய். அகலம் பரவால்ல," என்றார். கவரில் 'ஷ்ரிங்கேஜ் அதிகம், ரிஜெக்ட்' என்று எழுதிவிட்டு, வேறு லாட்டிலிருந்து ஒன்று அனுப்பும்படி தமிழ்மதிக்கு போன் போட்டார்.

இலியாஸின் பெட்டி போயிற்று. அடுத்த லாட் கார்டு வருவதற்குள் மாதம் முடிந்தது. டென்மார்க் அம்மாள் கடையைப் பூட்டிவிட்டு லீவில் போனார்; போவதற்கு முன் கையில் கிடைத்த சாம்பிளுக்கு ஆர்டர் போட்டுவிட்டுப் போனார். அத்தனையும் தைக்க இலியாஸிடம் மெஷின் போதவில்லை. பாதியைப் பூபாலனிடம் கொண்டுவந்தார். ஜாப் ஒர்க்.

சரக்கு கிளம்பும் நாளில் சித்ரகலா பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அனுப்புகிறவர் என்ற இடத்தில் கறுப்பு மையில் பளிச்சென்று அச்சடித்திருந்தது, இலியாஸ் கம்பெனியின் பெயர். அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. பூபாலனுக்கு அதைப் பார்க்க மனசு கனத்துப் போயிற்று. ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது.

"பாய், அன்னைக்குக் கூரியருக்கு எந்த கார்டு போட்டீங்க?"

"கார்டுங்களா? காசுதானுங்ணா குடுத்தேன்."

பூபாலன் அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "வெறுங்காசுங்களா! பத்து மடங்குங் பாய்! அத்தனையும் போச்சுங்களே!" அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. எழுந்து இலியாஸின் தோளைத் தட்டி, "மனச உட்றாதீங்க பாய், அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்று தேற்றினார்.

சித்ரகலா இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த அந்தச் சுருண்ட கார்டை எடுத்து, அதன் முதுகால் டேப்பை அழுத்தித் தேய்த்து, இலியாஸின் பெயருக்குப் பக்கத்தில் சுருக்கம் இல்லாமல் ஒட்டினாள். அந்த கார்டு செய்த முதல் வேலை அதுதான். நன்றாகவே செய்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று ஒரு மின்விசிறி வாங்கப் போய், எந்த ஆப்பில் எந்த பேங்க்குக்கு எவ்வளவு கேஷ்பேக் என்று பார்த்துப் பார்த்து, விசிறி வாங்காமல் வியர்வையோடு படுத்தது யார்? நான் கேட்கவில்லை, சும்மா சொன்னேன். பூபாலனைப் பற்றி ஒரு நல்ல சேதியும் உண்டு. கடைசியில் அவர் ஒரு கார்டை அப்ரூவ் செய்துவிட்டார். கூரியருக்குப் பத்து மடங்கு எல்லாம் இல்லை, அதற்கும் மேலேயாம்.

எந்த பேங்க் என்றுதானே கேட்க வாயெடுத்தீர்கள்?

வாங்குங்கள், வாங்குங்கள். அயர்ன் மட்டும் போடாதீர்கள்.