முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதற்குப் பிறகு நெடுங்காலம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. சென்ற ஆண்டுதான், பசுமை மேம்பாட்டு வாரியத்தின் மூன்றாம் மாடியில், பூந்தொட்டிக்குப் பக்கவாட்டிலும் ஓட்டை இருக்கலாம் என்ற பேருண்மை வெளிப்பட்டது.

அந்தப் பேருண்மைக்குத் தண்ணீர் ஊற்றும் பாக்கியம் தோட்டக்காரருக்கு வாய்த்தது. எந்நேரமும் கையில் பூவாளியோடு திரிவதால் வாரியத்தில் அவருக்குப் பெயரே பூவாளி. ஒன்பது ஆண்டுகளாக அவர் ‘தற்காலிக’ ஊழியர். நிரந்தரமானால் மருத்துவ அட்டை கிடைக்கும். அட்டை கிடைத்தால் மனைவியின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

துணை இயக்குநர் அம்மையார் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், ஒரு தொட்டியோடு திரும்பி வந்தார். அதைச் சுற்றிலும் சல்லடை மாதிரி ஓட்டைகள்.

“சாதாரணத் தொட்டியில வேர் சுவத்துல முட்டி, வழியில்லாம உள்ளயே சுத்திச் சுத்திச் செடியை நெரிச்சிடும். இதுல ஓட்டைகிட்ட வந்ததும் காத்து பட்டு நுனி காஞ்சிடும். அப்புறம் பக்கத்துல புது வேரா விடும். புரியுதா பூவாளி?”

“நல்லாப் புரியுது மேடம். இது தேறிச்சுன்னா என் ஃபைலு...”

“சோதனை ஜெயிக்கட்டும். மறுநாளே கையெழுத்து.”

பூவாளிக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தோரு தொட்டிகள் வந்து இறங்கின. கிடங்கு அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தொட்டியைப் பிற்பகல் முழுக்க எண்ணினார்.

“ஒரு தொட்டிக்கு முந்நூத்திப் பன்னெண்டு ஓட்டை! உடைஞ்ச சரக்கை நான் எப்படி வாங்குறது?”

“ஓட்டை இருக்கணும் சார். அதுக்குத்தான் வாங்குறோம்.”

“இருக்கட்டும்யா. ஆனா ஓட்டை இல்லாத சரக்குன்னுதானே படிவத்துல இருக்கு?”

சோதனைக்கென ஒரு குழு அமைந்து, அதன் முதல் கூட்டம் கூடியது. ‘ஓட்டைகள், ஓட்டையாகவே நல்ல நிலையில் பெறப்பட்டன’ என்று எழுதி அந்த நெருக்கடி தீர்க்கப்பட்டது. உலகின் பல போர்களை நிறுத்தியிருக்கக்கூடிய வாக்கியம் அது.

பூவாளி இருபத்தொன்றிலும் ரப்பர் செடி நட்டார். இருபது செடிகள் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் அணிவகுத்தன. இடமில்லாத ஒன்றை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தார். முதல் நாள் தண்ணீர் ஊற்றியதும் ஓட்டைகள் தம் கடமையைச் செய்தன. புதிதாக விரித்திருந்த கம்பளம் நனைந்தது. இரண்டாவது கூட்டம் கூடியது. இரண்டரை மணி நேரம் மூளையைக் கசக்கிய பிறகு, எல்லாத் தொட்டிகளையும் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்ட முடிவாயிற்று.

“ஓட்டையை அடைச்சிட்டா காத்து எப்படி மேடம் போகும்?” என்றார் பூவாளி.

“கம்பளத்தை முதல்ல காப்பாத்துவோம். காத்தைப் பத்தி அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்.”

அடுத்த கூட்டம் கூடவில்லை. பூவாளி தன் கையாலேயே இருபது தொட்டிகளுக்கும் டேப் ஒட்டினார். மொட்டைமாடியில் கம்பளம் இல்லாததால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். தினமும் இரண்டு வேளை படியேறி அதற்குத் தண்ணீர் ஊற்றினார். “எனக்கு முழங்கால் போச்சு, உங்களுக்கும் போகணுமா?” என்று மனைவி திட்டினாள்.

எட்டு மாதம் கழித்துத் தலைமை இயக்குநர் பார்வையிட வந்தார். கூடவே குழு முழுவதும் வந்தது. அம்மையார் ஒரு செடியை அலுங்காமல் தொட்டியிலிருந்து உருவினார். உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம். ஊஞ்சல் கயிறு மாதிரி தடித்த வேர் தண்டைச் சுற்றி இறுக்கியிருந்தது. இலைகள் ஏற்கெனவே மஞ்சள். அடுத்த செடியும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

ஒன்பது வருஷம் கண் முன்னால் போவதைப் பார்த்த பூவாளி, மாடிக்கு ஓடி அந்த ஒற்றைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உருவிக் காட்டினார். நாலாபுறமும் வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி குட்டை வேர்கள்.

தலைமை இயக்குநர் முகம் மலர்ந்தது. “பிரமாதம்! இதுக்கு மட்டும் என்னய்யா செஞ்சே?”

“டேப்பு ஒட்டல சார்.”

“டேப்பா? எந்த முட்டாள் டேப் ஒட்டச் சொன்னது?”

“குழு, சார்” என்றார் அம்மையார்.

“குழுத் தலைவர் யாரு?”

அம்மையார் கம்பளத்தைப் பார்த்தார். “நீங்கதான் சார். தீர்மானத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

தலைமைப் பண்பு என்பது இத்தகைய நொடியில்தான் வெளிப்படும். அவர் ஒரு முறை இருமினார். “அப்ப டேப்புல தப்பில்ல. பராமரிப்புலதான் ஏதோ தப்பு” என்றார்.

அறிக்கை மூன்றே நாளில் வந்தது. சோதனை ‘மாபெரும் வெற்றி’. அறிக்கையின் மேலட்டையில் மொட்டைமாடிச் செடியின் படம். விதிமுறை மீறப்படக் கூடாது என்பதால், படம் எடுக்கும் முன் அந்தத் தொட்டிக்கும் டேப் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் பூவாளி. வாரியத்தின் எல்லாக் கிளை அலுவலகங்களும் இனி ஓட்டைத் தொட்டிகளையே வாங்க வேண்டும். தொட்டிக்கு இரண்டு சுருள் டேப் சேர்த்து.

அதற்குள் செத்துப்போன இருபது செடிகளுக்கும், உத்தரவை மீறி ஒரு தொட்டிக்கு டேப் ஒட்டாமல் விட்டதற்கும் விளக்கம் கேட்டுப் பூவாளிக்குக் குறிப்பாணை வந்தது. அதை வாங்கிக்கொண்டு அவர் எழுத்தரின் மேசைக்குப் போனார்.

“சார், என் நிரந்தர ஃபைல் எங்க இருக்கு?”

“சுத்துல இருக்குய்யா. இங்கேருந்து கணக்குப் பிரிவு, அங்கேருந்து மேடம், அங்கேருந்து பெரியவர், அப்புறம் மறுபடி இங்க. விளக்கம் குடுத்தா அதையும் அதுலயே வெச்சு அனுப்பிடுவேன். நல்லாத்தான் போயிட்டிருக்கு, கவலைப்படாதே.”

“ஒன்பது வருஷமாவா சார்?”

“ஆமா, ஒரு நாள்கூட நின்னதில்ல.”

பூவாளி குறிப்பாணையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையிலிருந்த பூவாளியை எழுத்தரின் மேசை மேலேயே வைத்தார்.

“விளக்கம் எழுதிக்கங்க சார். இருபது செடிக்கு டேப்பு ஒட்டின கை என்னோடது. என் ஃபைலுக்கு வெளிய வர வழியில்லாம ஒட்டின கை உங்களோடது. என் செடிங்க எட்டு மாசத்துலயே செத்துடுச்சு. நான்தான் ஒன்பது வருஷம் தாங்கியிருக்கேன்.”