என் ஆபீஸ் உத்தியோகம், மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி வரைக்கும்

நானும் ஆபீஸ்ல வேலை பாத்தவதான். சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஏசி ரூம்பு, சுத்தற சேரு, கழுத்துல தொங்கற கார்டு, எல்லாம் இருந்துச்சு. இன்னா ஒன்னு, காலையில சேந்தேன், மத்தியானம் சோத்து டப்பாவ தொறக்கறதுக்குள்ள வேலை போயிடிச்சி. (டப்பாவ திரும்பி வர்ற பஸ்ல தொறந்தேன். எலுமிச்சம்பழ சோறு. வேலை போன அன்னிக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு.)

நான் யாருன்னு மொதல்ல சொல்லிடறேன். பத்தாவது பாஸ். பதினொன்னாவது பாதியில நின்னுட்டேன். இங்கிலீசுக்கும் எனக்கும் ஒத்து வரல. அப்பால விழுப்புரத்துல நர்சிங் அசிஸ்டென்ட் கோர்சு ஒரு வருசம் படிச்சேன். எங்கப்பா அந்த அசிஸ்டென்ட்ட மட்டும் எங்கியுமே சொல்ல மாட்டாரு. அவரு திண்டிவனத்துல மல்லாட்டை மண்டியில, அதான் வேர்க்கடலை மண்டியில, மூட்டை தூக்கறவரு. மண்டி பூரா "எம்பொண்ணு நர்சு"ன்னு சொல்லி வெச்சிருந்தாரு. எவனுக்காவது வெரல்ல லேசா சிராய்ச்சா போதும், போய் எம்பொண்ண பாருன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாரு. எங்க வூட்ல அரிசி தீந்தாலும் தீரும், பஞ்சு தீராது.

கோர்சு முடிச்சி திண்டிவனத்துலயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில சேந்தேன். சேந்த கொஞ்ச நாள்ல அப்பாவுக்கு ஒடம்பு முடியாம போயிடிச்சி. வேற பெரிய ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். கடைசி நாள் அவருக்கு ஒடம்பு தூக்கி தூக்கி போட்டுச்சு. அங்க இருந்த சிஸ்டருங்க என்ன வெளிய நிக்க சொன்னாங்க. அது சரிதான், எங்க வார்டுல நானும் சொந்தக்காரங்கள அப்படித்தான் அனுப்புவேன். நான் கதவுக்கு வெளிய கைய பெசைஞ்சிக்கினு நின்னேன். அப்பா கண்ணே தொறக்கல.

அதுக்கப்புறம் டூட்டிக்கு போனா, எந்த பெட்டுல யாரு இருமுனாலும் அப்பா இருமற மாதிரியே கேட்டுச்சு. ஒரு பெரியவருக்கு ஊசி போட போனேன். "ஏம்மா, குத்து வாங்கறது நானு, நீ எதுக்கு அழுவுற"ன்னு அவரு கேட்டாரு. அம்மாவுக்கோ என் துணியில வர்ற மருந்து வாசனையே ஆவல. அந்த வாசனை வந்தாலே அந்த நாள் ஞாபகம் வருதுன்னு வாசல்லயே மாத்து துணி குடுத்துடும். போதும்டி ஆஸ்பத்திரி, வேற எதாவது பாருன்னு தெனமும் ஒரே பேச்சு. எனக்கும் ஓடிட்டா தேவலான்னுதான் இருந்துச்சு.

அப்பதான் சேகர் மாமா வந்தாரு. அம்மாவோட தம்பி. விழுப்புரத்துல ஒரு பைக் ஷோரூம்ல மெக்கானிக்கு. அங்க முன்னாடி டேபிள்ல ஒக்கார ஒரு பொண்ணு வேணுமாம். ஒரு நாள் வேலை வாங்கி பாப்பாங்க, புடிச்சிருந்தா வேலை உறுதி. "ரத்தம் கெடையாது, ராத்திரி டூட்டி கெடையாது. வர்றவன் எல்லாம் சிரிச்சிக்கினேதான் வருவான் பாப்பா"ன்னாரு.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிட்டு விழுப்புரம் பஸ் ஏறுனேன். வழி பூரா சிரிச்சி பழகுனேன். மாமா அப்படித்தான் சொல்லியிருந்தாரு, உன் மூஞ்சி எப்பவும் மாத்திரை போட்டாச்சான்னு கேக்கற மாதிரியே இருக்குது, அத கொஞ்சம் மாத்திக்கோன்னு. (எதுத்த சீட்ல இருந்த அம்மா ரெண்டு தடவ பாத்துட்டு, அடுத்த ஸ்டாப்புல எடம் மாறி ஒக்காந்துக்கிச்சு.)

ஷோரூம்ல மொதல்ல ஒருத்தர் உள்ள வந்தாரு. என் வாயி என்ன கேக்காமலே பேசிடிச்சி. "இன்னா பண்ணுதுங்கண்ணா?"

"ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குதும்மா."

"எத்தினி நாளா?"

"மூணு நாளா. காலையில எழுந்தா ரொம்ப மோசம்."

நான் ஒன்னு வுடாம எழுதிக்கினேன். நல்லா வெவரமா கேக்கறியேன்னு மேனேஜர் சாரே மெச்சிக்கினாரு. ஆனா அந்த அண்ணன் கெளம்பும்போது கை கூப்பி, "நல்லபடியா போங்க, இனிமே இங்க வராதீங்க"ன்னுட்டேன். எங்க ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் ஆகறவங்கள யாரும் போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டோம். சொன்னா சண்டைக்கு வந்துடுவாங்க. கடையில அப்படி இல்லியாம். மேனேஜர் என்ன தனியா கூப்ட்டு, வர சொல்லும்மா, அவங்க வந்தாதான் நமக்கு சோறுன்னாரு.

அன்னிக்கு முகூர்த்த நாளு. வண்டி எடுக்க ஒரே கூட்டம். மயிலம் பக்கத்துலேருந்து ஒரு குடும்பம் வேன்ல வந்து எறங்குனாங்க. பையனுக்கு புது வண்டி. வண்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம், டயருக்கு கீழ எலுமிச்சம்பழம், தேங்கா மேல சூடம், எல்லாம் ரெடி. மேனேஜர் என்ன உள்ள போயி சாவியும் ஸ்வீட்டும் இருக்கற தட்ட எடுத்தாந்து சிரிச்சிக்கினே குடுக்க சொன்னாரு.

உள்ள போயி தட்ட எடுத்துக்கினு, சிரிப்பையும் ஒட்டிக்கினு வெளிய வரேன். கூட்டம் வட்டமா நிக்குது. நடுவுல பையனோட அம்மா. கண்ணு மேல சொருவிடிச்சி, பல்லு கடிச்சிக்கிச்சு, ஒடம்பு தூக்கி தூக்கி போடுது. சுத்தி இருக்கறவங்க எல்லாம் சொம்மா கை கூப்பிக்கினு நிக்கறாங்க.

சாமி வந்தது கூடவா தெரியாதுன்னு நீங்க கேப்பீங்க. எங்க தெருவுல ஆடி மாசமானா சாமி வராத வூடே கெடையாது. ஆனா அங்க பம்பை அடிப்பாங்க, வேப்பெலை இருக்கும். இங்க ஏசி, கண்ணாடி, வழவழன்னு டைல்ஸு, ஸ்பீக்கர்ல சினிமா பாட்டு. சினிமா பாட்டுக்கு சாமி வரும்னு யாருங்க கண்டது. அதுவும் இல்லாம, ஒரு ஒடம்பு அப்படி தூக்கி போட்டா என் கண்ணுக்கு அப்பாதான் தெரிஞ்சாரு. இங்க என்ன வெளிய நிக்க சொல்ல யாரும் இல்ல.

தட்டு ஒரு பக்கம், ஸ்வீட்டு ஒரு பக்கம். தள்ளுங்க, காத்து வுடுங்கன்னு கத்திக்கினே போயி அந்தம்மாவ தாங்கி புடிச்சி எறக்கி, தரையில ஒருக்களிச்சி படுக்க வெச்சேன். தலைக்கு என் துப்பட்டாவ மடிச்சி வெச்சேன். அந்தம்மா திமுறுனாங்க. வலிப்பு வந்தா புடிச்சி அமுக்க கூடாதுன்னு கோர்சுல சொல்லியிருக்காங்க. அதனால நான் அமுக்கல. மேல லேசா சாஞ்சிக்கினேன். (நான் லேசான ஆளு கெடையாது.)

அந்த பையன் ஓடியாந்து, "அக்கா வுடுக்கா, அது சாமி"ன்னான்.

"சாமிய அப்பறம் கும்புடலாம்பா. இவங்களுக்கு இது எத்தினி வருசமா வருது?"

"எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேருந்து வருதுக்கா."

"மாத்திரை எதாவது சாப்புடறாங்களா?"

"மாத்திரையா? எலுமிச்சம்பழம்தான்க்கா."

அத கேட்டும் எனக்கு ஒறைக்கல பாருங்க. அதுக்குள்ள அந்தம்மா கண்ண தொறந்தாங்க. தொறந்து என்ன நேரா பாத்து, "யாருடி இவ, எம்மேல ஏறிக்கினு"ன்னாங்க. அந்த கூட்டத்துலயே எனக்கு மட்டும்தான் அவ்ளோ சந்தோசம். கண்ண தொறந்துட்டாங்க, கண்ண தொறந்துட்டாங்கன்னு எனக்கு அழுகையே வந்துடிச்சி. மயக்கம் தெளிஞ்சா பேரு கேக்கணும், அதான் மொற. கேட்டேன்.

"அங்காளம்மாடி நான்."

நான் பையன திரும்பி பாத்தேன். "பேரு சரியா சொல்றாங்களாப்பா?"

பாவம், அவனும் பயத்துல உண்மைய சொல்லிட்டான். "இல்லக்கா, எங்கம்மா பேரு சரோஜா."

"அப்ப இன்னும் தெளியல"ன்னு திரும்பவும் படுக்க வெச்சிட்டேன்.

சர்வீஸ் பக்கத்துலேருந்து சேகர் மாமா கிரீஸ் கையோட ஓடியாந்து என்ன தூக்குனாரு. அப்பதான் நான் சுத்தி பாத்தேன். எல்லாரும் என்னத்தான் மொறைச்சிக்கினு இருந்தாங்க. சாமி மலையேறிடிச்சி. அந்தம்மா இடுப்ப புடிச்சிக்கினு எழுந்து ஒக்காந்தாங்க. வண்டிக்கு நல்ல வாக்கு சொல்ல வந்த சாமிய படுக்க வெச்சிட்டீங்களே, இனிமே இந்த வண்டிய எப்படி நம்பி எடுக்கறதுன்னு அவங்க ஆளுங்க வேனுக்கு கெளம்பிட்டாங்க. மேனேஜர் சாரு மூஞ்சிய பாத்தா, அடுத்து அவரத்தான் படுக்க வெக்கணும் போல இருந்துச்சு.

மேனேஜர் சாரு கெஞ்சி சமாதானம் பண்ணி கூட்டியாந்தாரு, திரும்ப சூடம் ஏத்துனாங்க. இந்த தடவ பாட்ட நிறுத்திட்டாங்க. என்ன சர்வீஸ் ஷெட்ல ஆயில் டின்னு பக்கத்துல ஒக்கார வெச்சி, எழுந்தா காலு ஒடியும்னாரு மாமா. கொஞ்ச நேரத்துல சாமி வந்துச்சு. வண்டி நல்லா ஓடும், பையனுக்கு ஒரு கொறையும் வராதுன்னு சொல்லிச்சு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினாங்க. அப்பால சாமி, "எங்கடா அவ, கூப்புடு அவள"ன்னுச்சு.

மாமா என்ன முன்னாடி தள்ளுனாரு. சாமி என் நெத்தியில துன்னூறு பூசி, என் ரெண்டு கையையும் இறுக்கி புடிச்சிக்கிச்சு.

"இது இங்க இருக்க வேண்டிய கை இல்லடி. நீ எங்கேருந்து வந்தியோ அங்கியே போ."

மேனேஜர் சாருதான் ஜல்தியா கை கூப்பி, "உத்தரவு தாயே"ன்னாரு. அடுத்த நிமிசம் கழுத்து கார்டு அவரு கையில இருந்துச்சு. மத்தவங்கள மேனேஜருதான் வேலைய வுட்டு அனுப்புவாரு. என்ன அங்காளம்மாவே அனுப்பிடிச்சி. சொன்னது சாமியா, இடுப்பு வலி தாங்காத சரோஜா அம்மாவான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. வேன் ஏறும்போது அந்தம்மா என்ன ஓரமா கூப்ட்டு, இதுக்கு என்னா தைலம் தடவலாம்மான்னு கேட்டாங்க. சொன்னேன்.

பஸ்ல எலுமிச்ச சோறு தின்னுக்கினே வந்தேன். அவமானத்துல அழணும்னுதான் பாத்தேன். ஆனா அந்தம்மா கண்ண தொறந்து என்ன திட்டுனதுதான் திரும்ப திரும்ப ஞாபகம் வந்துச்சு. திட்டு வாங்குனா இவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் மாமா வூட்டுக்கு வந்து எல்லாத்தையும் நடிச்சி காட்டுனாரு. அவருதான் சாமி, தலகாணிதான் நானு. "அப்ப இன்னும் தெளியல"ன்னு தலகாணிய மேல போட்டுக்கினு படுத்தாரு பாருங்க, அம்மா சிரிக்க ஆரம்பிச்சிது. செவுத்த புடிச்சிக்கினு, கண்ணுல தண்ணி வர சிரிச்சிது. அப்பா போனதுக்கு அப்பறம் எங்க வூட்ல அந்த சத்தமே கேட்டதில்ல. "உங்கப்பா இருந்தா இத மண்டி பூரா மைக்கு வெச்சி சொல்லியிருப்பாரு"ன்னு சொல்லிட்டு மூக்க தொடைச்சிக்கிச்சு.

அப்பறம் அம்மாவே சொல்லிச்சு. "சாமி சொன்னத மீற கூடாதுடி. நாளைக்கு டூட்டிக்கு போ." யூனிபாரத்த எடுத்து அதுவே தொவைக்க போட்டுச்சு. அன்னியிலேருந்து வாசல்ல மாத்து துணி குடுக்கறது இல்ல.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நான் போறதுக்குள்ள, நான் சாமிய படுக்க வெச்ச வீடியோ போயிடிச்சி. வேன்ல வந்தவங்க யாரோ எடுத்திருக்காங்க. எங்க ஹெட் சிஸ்டர் வார்டு நடுவுல நின்னு போன்ல பாத்துக்கினு இருந்தாங்க. செத்தோம்னு நெனச்சேன். தலைக்கு துணி வெச்சது கரெக்டு, ஒருக்களிச்சது கரெக்டு, மேல சாஞ்சிருக்க பாரு, அதுதான் தப்புன்னு சொல்லிட்டு, பேஷண்டுக்கு பி.பி. பாக்க அனுப்பிட்டாங்க. இப்பவும் யாராவது இருமுனா அப்பா மாதிரிதான் கேக்குது. கேட்டதும் எழுந்து போயி பக்கத்துல நிக்கறேன். அவங்க கண்ண தொறந்து பாத்து, இன்னாம்மா சும்மா சும்மா வந்து பேஜாரு பண்றன்னு கேப்பாங்க. கேட்டுட்டு போவட்டும்.

இந்த ஆடிக்கு எங்க தெருவுல கூழு ஊத்துனாங்க. எதுத்த வூட்டு மல்லிகா அக்காவுக்கு சாமி வந்துச்சு. பம்பை சத்தம் காத கிழிக்குது. கண்ணு சொருவி, முடி அவுந்து, ஆடிக்கினே என் பக்கமா வந்துச்சு. பக்கத்துல இருந்த சேகர் மாமா மெதுவா, "தாயே, பாத்து, பாப்பா டூட்டியில இருக்குது"ன்னாரு.

சாமி நின்ன எடத்துலயே திரும்பி, அடுத்த தெருவுக்கு ஆடிக்கினே போயிடிச்சி.