றஹ்மான் மாஸ்டரின் பதினோராம் சில்லு

உலகத்தில் சில்லுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. வண்டிக்குச் சில்லு, அதாவது சக்கரம், பூட்டிப் பிழைக்கிறவரல்ல இவர். அவர் நேர்மையான தொழிலாளி. இவர் தமது கருத்துக்குச் சில்லுப் பூட்டுகிறவர். என்றோ ஒருநாள் ஒரு கருத்தைச் சொல்லிவிடுவார். உலகம் அதன்படி நடக்காது. உலகத்துக்கு வேறு வேலை இருக்கிறது. நாமென்றால் தலையைச் சொறிந்துகொண்டு பேச்சை மாற்றுவோம். சில்லுக்காரர் தலை சொறிவதில்லை. "கருத்துச் சரி, இன்டைக்கு மட்டும் ஒரு விசேஷம்" என்பார். அந்த விசேஷத்தைக் கருத்தின் ஓரத்தில் ஒரு சில்லாகப் பூட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். மறுநாள் இன்னொரு சில்லு.

இந்த இனத்தின் வமிசம் மிகப் பெரியது. கோள்களெல்லாம் பூமியைச் சுற்றி வட்டமாக ஓடுகின்றன என்று கிரேக்கர் சொல்லிவைத்தார்கள். செவ்வாய் அதைக் கேட்கவில்லை. இடையிடையே நின்றது, பின்னுக்கு நடந்தது, மறுபடி முன்னுக்கு வந்தது. கருத்தைக் கைவிட்டார்களா? வட்டத்தின் மேல் ஒரு சின்னச் சில்லை வைத்து, அதில் செவ்வாயை ஏற்றினார்கள். தொலமி என்பவர் அதை அழகாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்த வண்டி ஆயிரத்து நானூறு ஆண்டு ஓடியது. கணக்கும் ஏறக்குறையச் சரிவந்தது! சில்லுக்காரரைக் கெடுப்பது அதுதான். கணக்கு முழுதாகப் பிழையாகியிருந்தால் எப்போதோ திருந்தியிருப்பார்.

இந்தக் கதையை ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளின் நடுவில் கிண்ணியாவில் ஒருவர் வருஷந்தோறும் வகுப்பில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் கலீலுர் றஹ்மான். விஞ்ஞானம் படிப்பிக்கிற மாஸ்டர். சூரியனை நடுவில் வைத்த கொப்பர்னிக்கஸ்கூட வட்டத்தையும் சில்லையும் விடவில்லை என்று சொல்லும்போது சாக்குக்கட்டியால் மேசையில் ஓர் அடி அடிப்பார். செவ்வாயோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய கெப்ளர், பூரண சந்திரனின் அகலத்தில் கால் பங்கு அளவே வந்த பிழையைக்கூடப் பொறுக்காமல் வட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு நீள்வட்டத்துக்குப் போன இடத்தில் அவருக்குக் குரல் தழுதழுக்கும். "கால் பங்கு! நேர்மையெண்டா அது!" என்பார். பிறகு நியூட்டன் வருவார், கோள்களையும் சந்திரனையும் கடலின் ஏற்றவற்றத்தையும் மரத்திலிருந்து விழும் பழத்தையும் ஒரே இழுப்பில் கட்டுவார், மணி அடிக்கும்.

மணி அடித்ததும் மாஸ்டர் துறையடிக்குப் போவார். அங்கேதான் அவருடைய சொந்த வண்டி நின்றது.

கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்குப் போவதென்றால், பஸ்ஸையும் லொறியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் பாதைப் படகில்தான் போகவேண்டும். காலையில் ஒழுங்காக வந்து போகும் படகு, பகலில் தன்பாட்டில் பிந்தும். ஏன் பிந்துகிறது? எவ்வளவு பிந்தும்? இதற்கு மாஸ்டர் ஒரு விதி கண்டுபிடித்திருந்தார். படகின் ஓட்டம் கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்தது; ஆகவே பகல் படகு இக்கரைக்கு வரும் நேரம் பன்னிரண்டு இருபது. அது வராத நாட்களுக்குச் சில்லுகள் இருந்தன. காற்றுச் சில்லு. மீன் லொறிச் சில்லு. தோப்பூர் வயல்களில் அறுவடை நடந்தால் நெல்மூட்டைச் சில்லு. அமாவாசையை ஒட்டிப் படகு மிகவும் பிந்துவதால் அதற்கொரு சந்திரச் சில்லு. வெள்ளிக்கிழமைகளில் நேரத்துக்கு முன்னரே வந்துவிடுவதால், ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டவர்களின் பாரம் குறைகிறது என்று ஒரு வெள்ளிச் சில்லு. மொத்தம் பத்து.

பிழை எவ்வளவு வந்தது என்கிறீர்களா? சில நாள் நாற்பது நிமிஷம். "நாப்பது நிமிஷமெல்லாம் ஒரு பிழையா?" என்று கேட்டவரும் அந்தக் கெப்ளருக்காகக் குரல் தழுதழுத்தவரேதான்.

இதில் தலை போகிற காரியம் ஒன்றும் இல்லாதவரை யாருக்கும் நட்டமில்லை. ஆனால் மாஸ்டரின் தங்கை ஜெஸீமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை, செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரை மணி, பட்டினத்துக் கல்விக் கந்தோரில். இம்முறை தவறினால் அடுத்த வருஷம் வயது கடந்துவிடும். அதன்பிறகு அலுமாரிக்குள் மடித்து வைத்த சான்றிதழ்களைப் பூச்சிதான் படிக்கும். தனியே அனுப்பவும் வீட்டில் சம்மதமில்லை. அண்ணனை அவள் காக்கா என்பாள்; அந்தக் காக்கா கூட வரவேண்டும். காக்காவோ பன்னிரண்டு இருபது படகில் போனால் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஜெஸீமா அதிகம் பேசாதவள். அவளிடம் இருந்தது ஒரு பழைய கொப்பி. ஐந்து கிழமையாக, கடிதம் வரும் என்று எதிர்பார்த்த நாளிலிருந்தே, படகு வந்த நேரங்களை அதில் குறித்துவைத்திருந்தாள். பிறகு, பத்துச் சில்லுப் பூட்டிய மாஸ்டர் ஒருநாளும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். படகோட்டி மூத்ததம்பியிடம் போய்க் கேட்டாள்.

"பகலில நீங்க எத்தினை மணிக்கு வருவீங்க அண்ணன்?"

"அது வீட்டில என்ன கறி எண்டதைப் பொறுத்தது தங்கச்சி. என்ர வீடு அக்கரையில அல்லோ. பன்னிரண்டு அடிச்சா படகைக் கட்டிப்போட்டுச் சாப்பிடப் போயிடுவன்."

"வெள்ளிக்கிழமையில கெதியா வாறீங்களே?"

"வெள்ளி மரக்கறிச் சோறு. முள்ளெடுக்கிற வேலை இல்லை."

"அமாவாசையோட பிந்துறீங்க?"

"அப்பத்தானே பிள்ளை நண்டு சதை வச்சிருக்கும்! நண்டை அவசரப்பட்டுச் சாப்பிடேலுமோ?"

"இதைக் காக்காவுக்குச் சொல்லேல்லையா?"

"அவர் எனக்கல்லோ சொல்லித் தாறவர்! நான் ஏன் பிந்துறன் எண்டு கிழமைக்கு ஒருக்கா விளங்கப்படுத்துவார். நானும் ஓம் ஓம் எண்டு கேட்டனான். நல்லாத்தான் சொல்லுவார்."

ஜெஸீமா கொப்பியைப் பார்த்தாள். மூத்ததம்பியின் அடுப்பை நடுவில் வைத்ததும் எல்லா நாளும் வரிசையில் வந்து நின்றன. செவ்வாய்க்கிழமையோ அமாவாசைக்கு மறுநாள். நண்டு நாள். படகு ஒருமணிக்கு முன் அசையாது.

வீட்டுக்கு வந்து காக்காவிடம் சொன்னாள்.

"சோறா?" என்றார் மாஸ்டர்.

"ஓம் காக்கா. அவர் சாப்பிடப் போறார். அவ்வளவுதான்."

"ஒரு மனிசன்ட வயித்துல கொண்டுபோய் ஒரு விதியைக் கட்டேலுமா? விஞ்ஞானத்துல சோறு ஒரு காரணமா?"

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி ஸல்ஹாவின் குரல் வந்தது. "இந்த வீட்டுல எல்லா விதியும் அதுலதான் கட்டியிருக்கு. சோறு கொஞ்சம் பிந்தினா உங்கட சத்தம் துறையடி மட்டும் கேக்குதே!"

"நீ சும்மா இரு. ஜெஸீமா, சந்திரச் சில்லால படகு பிந்தும், சரி. ஆனா இப்ப காத்து மாறியிருக்கு. அது முந்தப் பண்ணும். ஒண்டையொண்டு வெட்டிரும். பன்னிரண்டு இருபது."

கொப்பியைக் காட்டினாள். "அஞ்சு கிழமை என்ன கணக்கு? ஆயிரம் வருஷம் பார்த்திருக்காங்க" என்றார். யார் பார்த்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. உண்மையை இதற்குமேல் எப்படிச் சொல்வது? நேராகச் சொல்லியாயிற்று; எழுதிக் காட்டியாயிற்று; மதினியும் சாட்சி சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

திங்கட்கிழமை மாலை, மாஸ்டர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஜெஸீமா மெதுவாகக் கேட்டாள்.

"காக்கா, யுரேனஸ் கணக்குத் தப்பி நடந்தப்போ என்ன செஞ்சாங்க?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அதுக்கு அப்பால காணாத கோள் ஒண்டு நிண்டு இழுக்குது எண்டாங்க. தேடினாங்க, நெப்டியூன் நிண்டிச்சு! பிறகு புதன் தப்பி நடந்தப்பவும் அப்படித்தான் தேடினாங்க." அங்கே ஒன்றும் நிற்கவில்லை என்பதையும், ஐன்ஸ்டைன் வந்து இழுப்பென்ற கருத்தையே மாற்றவேண்டியிருந்தது என்பதையும் அவர் சொல்லவில்லை. தேநீர் ஆறிவிடும்.

"அப்ப நம்மட படகையும் அக்கரையில ஏதோ ஒண்டு இழுக்குதோ தெரியா. கண்ணுக்குத் தெரியாத ஒண்டு. பன்னிரண்டு மணிக்குத்தான் இழுக்குது. அமாவாசையில கூடுது, வெள்ளிக்கிழமை குறையுது."

மாஸ்டர் கோப்பையை வைத்துவிட்டார்.

"இழுப்பு!"

"ஓம் காக்கா."

"அக்கரையில மையம்! தாளைக் கொண்டா!"

ஒரு மணி நேரம் எழுதினார். ஜெஸீமா குனிந்த தலை நிமிராமல் தன் சேலையைக் கரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். முடிவு வந்தது. நாளைய இழுப்பு மிகக் கடுமை. பகல் படகு ஒருமணி தாண்டும். ஆகவே பதினொன்றரைப் படகில் போயே ஆகவேண்டும். "நான் இல்லாட்டி உன்ட கதி என்ன ஆகியிருக்கும், சொல்லு?" என்று கேட்டார். அவளும் ஓம் ஓம் என்று கேட்டாள்.

மறுநாள் பதினொன்றரைக்குப் படகு புறப்பட்டது. அக்கரையில் இறங்கும்போது தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் சேர்ந்த நண்டுக்கறி வாசனை கரை முழுவதும் நிறைந்திருந்தது. மாஸ்டர் மூக்கை உயர்த்தி நன்றாக இழுத்தார். "ஆரோ நல்ல நண்டு ஆக்குறாங்க" என்றார். சொல்லிவிட்டு, மறுபடி கையிலிருந்த கணக்குத் தாளைப் பார்த்தார்.

ஜெஸீமா பன்னிரண்டரைக்கே கந்தோரில் இருந்தாள். தெரிவும் ஆனாள். அன்று பகல் படகு இக்கரைக்கு ஒன்று பத்துக்கு வந்தது என்று கேள்விப்பட்ட மாஸ்டர், இழுப்பென்ற பதினோராம் சில்லைத் துறையடியில் காத்திருக்கும் சனங்களுக்கெல்லாம் விளங்கப்படுத்தத் தொடங்கினார். கொஞ்ச நாளில் பஸ் சாரதிகள்கூட "இன்டைக்கு இழுப்புக் கூட" என்று கதைத்தார்கள். மூத்ததம்பியும் அதைக் கேட்டு, தன்னை ஏதோ இழுக்கிறதாக்கும் என்று நம்பி, முன்னையிலும் ஆறுதலாக, அவசரமில்லாமல் சாப்பிட்டார்.

ஜெஸீமாவுக்கு மட்டும் மனத்துக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. ஆனால், காக்கா உண்மையைக் கேட்கிற ஆளல்லவே. பொய்க் கதை கட்டுவதும் பொதுவாகத்தான் பிழை. இது ஒரு விசேஷமான சந்தர்ப்பம். இப்படி யோசித்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

நல்ல பெண். நிறுத்தத் தெரிந்தது.

உங்கள் கதை என்ன? உங்களுக்கு ஒரு மச்சான் இருப்பார். அவர் சரியில்லாதவர் என்று இருபது வருஷத்துக்கு முன் ஒரு கருத்துச் சொல்லியிருப்பீர்கள். பிள்ளைக்குச் சுகமில்லாதபோது அவர் ஓடிவந்து நின்றார். "பேருக்காக வந்தவர்" என்றீர்கள். வீட்டுக் கூரை வேய்ந்து தந்தார். "ஏதோ காரியம் இருக்கு" என்றீர்கள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். "பிறகு கேப்பார்" என்றீர்கள். இப்போது, இதெல்லாம் சரிதான், ஆனால் எங்கள் மச்சானின் விஷயம் வேறு என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். எத்தனையாவது சில்லு என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.