வலக்கைப் பூனை, இடக்கைப் பூனை

இரண்டாம் இடம் தவளைக்கா எலிக்கா என்று முடிவாகாததால், ஜோகூர் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி அய்யாவு தம் தலைப்பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.

மனைவி ராசம்மா சிகாமட்டில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருந்தாள். பாலோ ஸ்டேஷனில் ரயில் ஏறினால் போய்விடலாம். லீவு கேட்கத் துரையிடம் போனபோது துரை நல்ல மனநிலையில் இருந்தார். அய்யாவின் அனுபவத்தில் அதைவிட ஆபத்தானது வேறில்லை. 1935இல் இதுவரை தோட்டத்தில் காட்டிய பொம்மைப் படங்களில், அதாவது வரைந்த பொம்மைகள் தாமே ஓடி ஆடும் அந்தச் சின்னப் படங்களில், பிடித்ததில் எது முதல், எது கடைசி என்று ஜனங்களிடம் கேட்டு வரிசைப்படுத்தித் தரவேண்டும். முதலிடம் பெறும் படத்தைத் தீபாவளிக்குத் தம் செலவில் திரும்பக் காட்டுவதாகத் துரை சொன்னார். வரிசையைக் கொடுத்துவிட்டு அய்யாவு தாராளமாக ஊருக்குப் போகலாம்.

வந்த படங்களே மூன்று. தவளைகள் மேளம் அடிப்பது ஒன்று, எலி கப்பல் ஓட்டுவது ஒன்று, பூனை கல்யாணப் பந்தியில் பரிமாறுவது ஒன்று. வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஆகிற வேலை என்று அய்யாவு நினைத்தார். பாவம், களைத்த மனிதர்களுக்கு எல்லா வேலையும் தொடங்குமுன் சின்னதாகத்தான் தெரியும்.

படம் காட்டும் நாளில் திடலின் நடுவே இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். இது மூர்த்தி கங்காணி வைத்த ஏற்பாடு, அதை மாற்ற ஆள் கிடையாது. தொடக்கத்தில் ஓடும் எழுத்தைப் படித்துச் சொல்ல அய்யாவை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். இங்கிலீஷ் படித்தவர்தான், ஆனால் திரையில் வருவதில் ஓரெழுத்தும் அவருக்குப் பிடிபடாது. தெரியவில்லை என்று சொன்னால் கிராணி உத்தியோகத்துக்கே இழுக்கு. ஆகவே "இது ஜெர்மன் பாஷை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். விடியுமுன் பெரட்டு வரிசைக்கு எழுந்து ஆள் கணக்கு எடுக்கிறவருக்கு அந்தத் தூக்கம்தான் சினிமா.

முதலிடத்தில் தகராறு இல்லை. ஆண்கள் அத்தனை பேரும் பூனை என்றார்கள். இலை இலையாக ஓடி ஓடிப் பரிமாறும் அந்தப் பூனையின் ஒழுங்கைக் கங்காணி தம் சொந்தத் தம்பியைப் போலப் புகழ்ந்தார். இரண்டாம் இடத்தில்தான் சிக்கல். மேட்டு லயத்து வீடுகளில் இருப்பவர்கள் தவளை என்றார்கள், பள்ளத்து லயத்தார் எலி என்றார்கள். அய்யாவு யோசித்து, இரண்டுக்கும் இரண்டாம் இடம் என்று எழுதினார். மறுநாளே இரண்டு லயத்தாரும் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தவளையும் எலியும் ஒன்றா என்பதுதான் இரு தரப்பின் கேள்வியும். அதில் மட்டும் அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள்.

பெண்களைக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. புல்வெட்டுக்குப் போகும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த அங்கம்மாவிடம் போனார். அவள் தவளை, எலி விவகாரத்தைக் காதிலேயே வாங்கவில்லை.

"அது கெடக்கட்டும். பூனைய எதுக்கு மொதல்ல வெச்சீங்க? அது இடது கையால சோறு போடுது. தீபாவளி அன்னைக்கு அந்தக் கண்றாவிய நாங்க பாக்கணுமா?"

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தப் படம் வந்தால் ஒருத்தியும் திடலுக்கு வரமாட்டாள் என்றும், அன்றைக்கு லயத்தில் அடுப்பு எரியுமா என்பதும் சந்தேகம் என்றும் அங்கம்மா சொன்னாள்.

அய்யாவு கங்காணியிடம் ஓடினார். வலது கைதான் என்று கங்காணி சத்தியம் பண்ணினார். முந்நூறு ஆண்பிள்ளைகள் முன்பக்கம் உட்கார்ந்து பார்த்ததைப் பின்பக்கம் இருந்தவர்கள் மறுப்பதா என்று கோபப்பட்டார். அய்யாவுக்கோ எந்தக் கை என்று நினைவில்லை. பூனை பரிமாறியபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த ஏக்கத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பூனைப் படம் இரண்டு வந்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கும், இருந்தே ஆகவேண்டும். முதலிடம் வலக்கைப் பூனை, நடுவில் தவளையும் எலியும் முன்போலவே, கடைசி இடம் இடக்கைப் பூனை என்று எழுதினார். கங்காணிக்கும் திருப்தி, அங்கம்மாவுக்கும் திருப்தி. துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் துரையிடம் போனார்.

துரை வரிசையைப் படித்தார். அவருடைய நல்ல மனநிலை அத்தோடு போயிற்று. மூன்று படத்துக்குத்தானே அனுமதி கொடுத்தேன், நாலாவது எப்படி வந்தது, யாரைக் கேட்டுக் காட்டினாய் என்று பிடித்துக்கொண்டார். அந்த நாலாவது படம் எது என்று தெரியாமல் கிராணி தோட்டத்தைவிட்டு ஓரடி நகரக்கூடாது என்று உத்தரவாயிற்று. அய்யாவு வீட்டுக்கு வந்து மூட்டையை அவிழ்த்தார்.

படக்காரர் சுப்ஹான் குளுவாங்கில் இருந்தார். லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பியதில் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் சிகாமட் ரயில். திடலில் அவரைச் சுற்றித் தோட்டமே கூடிவிட்டது. கங்காணி ஒரு பக்கம் மார்பை நிமிர்த்தி நின்றார். அங்கம்மா இன்னொரு பக்கம் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றாள்.

"பாய், உண்மையச் சொல்லுங்க. பூனைப் படம் எத்தனை கொண்டு வந்தீங்க?" என்று அய்யாவு கேட்டார்.

"ஒண்ணுதான்."

"பூனை எந்தக் கையால பரிமாறும்?"

"இடது கையாலதான். வெள்ளைக்காரன் வரைஞ்ச பூனைக்கு நம்ம வழக்கமெல்லாம் தெரியுமா லா?" என்று மலாய்க்காரர் பாணியில் இழுத்தார் சுப்ஹான்.

அங்கம்மா வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

அய்யாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. நாலாவது படம் என்று ஒன்று இல்லவே இல்லை. துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளை மத்தியானம் பிள்ளை மடியில் இருக்கும். அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கங்காணியின் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் இன்னொரு கேள்வி கேட்டார்.

"அப்ப முன்பக்கம் இருந்த எங்களுக்கு மட்டும் வலது கையா ஏன் தெரிஞ்சுது?"

"நீங்க எங்க முன்பக்கம் இருந்தீங்க? படம் காட்டுற மெஷின் நிக்குற பக்கம்தான் முன்பக்கம். அந்தப் பக்கம் போனா எல்லாம் மாறித்தான் தெரியும், எழுத்துகூட."

பாவைக்கூத்தில் விளக்கு இருக்கும் பக்கம்தானே பின்பக்கம், அந்தக் கணக்கில்தானே இடம் பிரித்தேன் என்று கங்காணி முனகினார். ஜெர்மன் பாஷையை நினைத்து அய்யாவு தரையைப் பார்த்தார்.

சுப்ஹான் அய்யாவையும் கங்காணியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"தெரிஞ்சேதான் செய்யுறீங்கன்னுல்ல நெனச்சேன். பொம்பளைங்களுக்கு முன்பக்கத்த விட்டுக்குடுத்துட்டு ஆம்பளைங்க பின்னால உக்காந்து பாக்குற தோட்டம் ஜோகூர்லயே இது ஒண்ணுதான்னு, போற எடமெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், கிராணியாரே."