ஆறு வேற்றுமையும் ஒரு கோப்பை கோப்பியும்

ஒரு மொழியின் இலக்கணம் தெரிந்துவிட்டால் அம்மொழியினரின் வீட்டு வழக்கமும் தெரிந்துவிட்டதாக எண்ணுவது படித்தவர்களுக்கு மட்டுமே வரும் நோய்.

எம்ரே என்ற துருக்கி இளைஞனை விரும்புவதாக என் மகள் நிலானி சொன்னபோது எனக்கு அது முற்றியது. சம்பந்திகள் முன் நான் குறைந்துவிடலாகாது. இலக்கண நூலொன்றை வாங்கினேன். 'எவ்' என்றால் வீடு. 'எவ்தே' என்றால் வீட்டில். நாம் முன்னால் நிறுத்தும் 'என்' என்பதை அவர்கள் பின்னால் ஒட்டுகிறார்கள்: 'எவிம்', என் வீடு, 'எவிம்தே', என் வீட்டில். தமிழில் எட்டு வேற்றுமை கண்டவனுக்கு அவர்களின் ஆறு எம்மாத்திரம்?

பெண் கேட்டு எம்ரே வீட்டார் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரவிருந்த ஞாயிறன்று மகள் கெஞ்சினாள்.

"அப்பா, எம்ரேயின்ரை அப்பா இன்னும் முழுமனசா ஓம் எண்டு சொல்லேல்லை. இண்டைக்கு மட்டும் வகுப்பெடுக்காதேங்கோ."

"மரியாதைக்கு ரெண்டு வசனம் கதைப்பன். அவ்வளவுதான்."

"ரெண்டு வசனமோ! இவருக்கு வணக்கம் சொல்லவே அரை மணித்தியாலம் வேணும்," என்றாள் என் மனைவி.

வந்தார்கள். எம்ரேயின் தந்தை சுவரைப்போல் அமர்ந்திருந்தார். நான் 'எவிம்' தொடங்கி ஒவ்வோர் உருபாக ஏற்றிக்காட்டிக்கொண்டிருந்தேன். மகள் கோப்பித் தட்டோடு வந்து, நேரே எம்ரேயிடம் போனாள். பெரியவர்கள் இருக்க இளையவனுக்கு முதலிலா? என் வளர்ப்பு என்னாவது? எழுந்து தட்டை வாங்கி, வயது வரிசைப்படி நானே விருந்தினருக்குப் பரிமாறினேன். மகள் கண்ணை உருட்டினாள். (மெச்சுகிறாள் என்று நினைத்தேன்.) எஞ்சிய நீலக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு விழுங்கினேன்.

பருத்தித்துறைக் கடல் முழுவதும் அதற்குள் இருந்தது.

பதற்றத்தில் பிள்ளை சீனிக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள்! நான் முகம் சுளித்தால் சம்பந்தம் போய்விடும். ஆகவே புன்னகையோடு 'எவிம்தே, எவிம்தென்', என் வீட்டில், என் வீட்டிலிருந்து, என்று ஓதியபடி அடிமண்டிவரை குடித்தேன். (துருக்கிக் கோப்பியின் மண்டியை விழுங்கக்கூடாது என்பது இலக்கண நூலில் இல்லை.) மற்றவர்கள் அமைதியாகக் குடித்தார்கள். உப்பென்று காட்டிக்கொள்ளாமல் குடிக்கிறார்களே, என்ன பண்பாடு என்று வியந்தேன்.

எம்ரே மட்டும் தன் கோப்பையைச் சந்தேகத்தோடு பார்த்து, "இனிக்கிறதே!" என்று பிரெஞ்சில் முனகினான்.

"அப்பா!" என்று மகள் முகத்தைப் பொத்தினாள். "அந்த நீலக் கோப்பை அவருக்கு! பொம்பிளை உப்புப் போட்டுக் குடுக்கிறது, மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் குடிக்கிறது. அது அவையின்ரை வழக்கம்!"

பிறகு நான் செய்ததை அவளே அவர்களுக்குப் பிரெஞ்சில் விளக்கினாள். சுவர் குலுங்கியது. எம்ரேயின் தந்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்தார்.

"மண்டியையும் விடாத மாப்பிள்ளையை நான் கண்டதேயில்லை," என்றார் பிரெஞ்சில். "இந்தக் குடும்பத்தை இனி நான் விடமாட்டேன்."

போன உயிர் திரும்பியது. தண்ணீர் கேட்டேன், துருக்கியில் அல்ல, தமிழில்.

இன்றும் எங்கள் வீட்டில் கோப்பி வைக்கும்போதெல்லாம் எம்ரே, தான் கற்ற தமிழில் பணிவாகக் கேட்கிறான்: "மாமா, சீனியோ, உப்போ?"

குசினி அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "அவரைக் கேக்காதேங்கோ தம்பி. மூத்த மாப்பிள்ளை எதையும் குடிப்பார்."

நான் முகம் சுளிப்பதில்லை.