மேம்பாலத்தின் கீழே ஒரு காய்ச்சல்

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, புறநகர் மேம்பாலத்தின் அடியில் ஒரு சிவப்புக் கார் நின்றிருந்தது. அதை ஓட்டி வந்தவர், அவர் வேலை பார்க்கும் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்குச் சொல்லப்பட்டபடி, அந்த நேரத்தில் வீட்டில் கடும் காய்ச்சலோடு படுத்திருந்தார்.

அவர் மடியில் கம்பெனி கொடுத்த தடித்த லேப்டாப். பக்கத்தில் மனைவி. பின் இருக்கையில் பன்னிரண்டு வயது மகள், இப்போதே நீச்சல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு. அணித் தேர்வு பதினோரு மணிக்கு. அதற்குள் நீச்சல் குளத்தில் போய்ப் பெயர் கொடுத்தாக வேண்டும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

குளம் புதிதாகக் கட்டியது, வழி தெரியாது. மனைவியின் செல்போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவருடையது பட்டன் போன். ஆனால் லேப்டாப்புக்குள்ளேயே ஜிபிஎஸ் உண்டு. இன்டர்நெட் இல்லாமலே வழி காட்டும் மென்பொருள் ஒன்றை மச்சினன் முதல் நாள் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"ஜிபிஎஸ் கருவி காணவில்லை" என்றது திரை.

"காணோமா? வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அது உள்ளேயே இருக்கும்மா. கழட்டி வைக்க அதென்ன பல் செட்டா?"

"இறங்கி யாரையாவது கேளுங்களேன்."

"ரெண்டு பேரைக் கேட்டாச்சு. ஒருத்தர் அந்தப் பக்கம் கை காட்டினாரு, இன்னொருத்தர் இந்தப் பக்கம். மூணாவது ஆள் வானத்தைக் காட்டுவாரு."

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவரை எல்லோரும் 'பிளக்' என்பார்கள். எந்தப் பழுதைச் சொன்னாலும் முதலில் பிளக்கைச் சொருகிப் பார்க்கச் சொல்வார். குரலில் கொஞ்சம் நோயை ஏற்றிக்கொண்டு அவருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"கொதிக்குது தம்பி... மேனேஜர் என்னைக் கேட்டாரா?"

"அவரு ஆபீசுக்கே வரலைண்ணே."

போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'கடுகு'. ஆள் சிறிசு, சூடு பட்டால் வெடிப்பார். மகளின் நீச்சலுக்கு லீவு என்று போய் நின்றால், "லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா உன் பொண்ணு நீந்திப் போய் மீட்பாளா?" என்று கேட்கக்கூடியவர்.

"சும்மா படுத்திருக்கேனா, பொழுது போகலை. லேப்டாப்புல இருக்கிற ஜிபிஎஸ்ஸை ஒரு மேப்புல ஓட வெச்சுப் பார்க்கலாம்னு..."

"காய்ச்சல்லயா?"

தலைக்கு மேலே பாலத்தில் ஒரு லாரி ஹாரனை அலற விட்டுப் போனது.

"என்னண்ணே சத்தம்?"

"டிவி."

"சரி, செட்டிங்ஸ்ல போர்ட் நம்பர் கேக்கும். நாலுன்னு போடுங்க. ஜிபிஎஸ் அது வழியாத்தான் பேசும்."

போட்டார். "போர்ட்டைத் திறக்க முடியவில்லை" என்று திரை பேச்சை மாற்றியது.

"மேல வானம் தெரியுதாண்ணே? கூரைக்கு அடியில சிக்னல் வராது. மொட்டை மாடிக்குப் போங்க."

அவர் காரைக் கிளப்பி மேம்பாலத்தின் மேல் ஏறினார். ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது வந்த திசைக்கே திரும்பிப் போகும் பாலம். இறங்கித் திரும்பி வருவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது.

"இன்னும் வரலை தம்பி."

"ஆன்டெனா மூடியில இருக்கு. மூடியை நல்லாத் தூக்கிப் பிடிங்க."

மனைவி லேப்டாப்பை ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்தவர் வேகத்தைக் குறைத்து, "விக்கிறதாக்கா?" என்றார்.

"யாருண்ணே அது?"

"விளம்பரம்."

லேப்டாப் இடப் பக்கச் சாலையை மறைத்திருந்ததால் அவர் வலப் பக்கம் திரும்பிவிட்டார். முன்னால் ரயில்வே கேட் மூடியது. ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு போனது.

"அண்ணே?"

"மூச்சு வாங்குது தம்பி."

பிளக் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "அந்த போர்ட்டை வேற ஏதோ பிடிச்சு வெச்சிருக்குண்ணே. என்னன்னு பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

கேட் திறந்தது. அதற்கப்பால் சாலை குறுகி, மண்ணாகி, ஒரு முள்வேலியில் முடிந்தது. மணி பத்து நாற்பது. மனைவி லேப்டாப்பை மடியில் வைத்து, அதில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"பரவாயில்லைப்பா" என்றாள் மகள் பின்னாலிருந்து. "கண்ணாடியைக் கழட்டிடவா?"

போன் அடித்தது.

"தம்பி, எனக்குக் காய்ச்சலும் இல்லை ஒண்ணும் இல்லை" என்றார் அவர், பிளக் வாய் திறப்பதற்குள். "பொண்ணு நீச்சல் தேர்வுக்கு வந்து வழியைத் தொலைச்சுட்டேன். கடுகுகிட்ட வேணும்னா சொல்லிக்க. இவளை எப்படியாவது அங்க கொண்டு போய்ச் சேர்க்கணும்."

"இப்பதான்ணே பார்த்தேன். ரயில்வே கேட் தாண்டி, ரோடு முடியற இடத்துல நிக்கறீங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓர் ஆளும் இல்லை.

"போன மாசம் கடுகு ஒரு புரோகிராம் குடுத்து, 'ஒண்ணு விடாம எல்லா லேப்டாப்லயும் போடு'ன்னாரு. போட்டேன். அதுக்குன்னே உள்ள ஒரு சிம்மும் இருக்கு, யார் எங்க சுத்தறாங்கன்னு இங்க புள்ளி புள்ளியாத் தெரியும். உங்க ஜிபிஎஸ் காலையிலேருந்து ஜோரா வேலை செய்யுது. ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் அதைப் பிடிச்சுக்க முடியும், அதான் உங்க மேப்புக்குக் கிடைக்கலை. வண்டியைத் திருப்புங்க."

திருப்பினார்.

"முதல் வலது... தண்ணித் தொட்டி தாண்டி இடது... மெதுவா, மெதுவா, வேகத்தடை வரும்."

வந்தது. கார் குதித்து இறங்கியதும் நீல நிறக் கட்டடமும் வாசலில் ஈரத் தலைகளும் தெரிந்தன. மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள், மனைவி பின்னாலேயே.

"தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்றார் அவர். "அது சரி, வேகத்தடை கூடவா உன் ஸ்க்ரீன்ல தெரியுது?"

"அது தெரியாதுண்ணே. இன்னிக்குக் காலையில இன்னொரு புள்ளி இதே வழியில வந்து அங்க தயங்கித் தயங்கிப் போயிருக்கு. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்."

"யாரு புள்ளி?"

"மேனேஜருக்கும் இன்னிக்குக் கடும் காய்ச்சல்ணே. ஒன்பதரை மணியிலேருந்து அந்தக் குளத்துலதான் படுத்திருக்காரு."

மகளுக்கு அணியில் இடம் கிடைத்தது. மேனேஜரின் மகனுக்கும் கிடைத்தது. மறுநாள் இருவரும் காய்ச்சல் குணமாகி வேலைக்கு வந்தார்கள்.